கூரையில் ஏணி சாத்த முன்னம்: வன்னி வீடுகளுக்கு, பிழையைப் பார்த்துச் செய்யும் பங்குனித் துப்புரவு

மாசிக் கடைசியில் வேம்பு இலை கொட்டத் தொடங்கினால் பங்குனி முடிவதற்குள் பீலி (கூரை ஓரத்துத் தண்ணீர் வாய்க்கால்) நிறைந்துவிடும். காலபோக (மாரிப் போக) நெல் அறுவடை முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருக்கிற, வருடப்பிறப்புக்கு வீட்டைக் கழுவித் துடைக்க நினைக்கிற இந்த நாட்கள்தான் வன்னியில் கூரையைப் பார்க்க நல்ல காலம். மாரியில் பிடித்த பாசி காய்ந்து கிடக்கும், வைகாசிக்குப் பிறகு எழும்பும் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) இன்னும் வந்திருக்காது, ஐப்பசி மழைக்கு முன்னம் பிழை திருத்த ஆறு மாதம் கையில் இருக்கும்.

ஆனால் கூரை துப்புரவு என்றவுடன் நம் ஆட்கள் முதலில் செய்வது ஏணியைத் தூக்கிச் சுவரில் சாத்துவது. அதைக் கடைசிக்கு விடுங்கள். கூரையில் என்ன பிழை என்பதில் பெரும்பகுதியை வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தும், முற்றத்தில் தள்ளி நின்று பார்த்துமே கண்டுபிடித்துவிடலாம். மேலே போகாமல் முடியாது என்று தெரிந்த பிறகு ஏறினால் போதும். ஒரே வளவுக்குள் ஓட்டு வீடு, அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட குசினி, தகரக் கொட்டில் என்று மூன்று கூரை இருக்கிற இடம் இது, மூன்றுக்கும் வழி வேறு. அதனால் கண்ணில் படுகிற பிழையை வைத்தே எழுதுகிறேன், உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிட்டுப் போங்கள்.

எதற்காக ஏறினாலும், ஏறுவதற்கு முன்னம்

நேரம் முக்கியம். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே கடக்கிறது, நம் பக்கத்துக்கு அது வருடப்பிறப்பை ஒட்டித்தான் வரும். பத்து மணிக்கே தகரத்தில் கை வைக்க முடியாது, தலை சுற்றும், சுற்றினால் பிடி விடும். பின்னேரத்துக்குத் தள்ளலாம் என்றால் பங்குனி, சித்திரையில் மதியம் திரும்பியதும் இடிமழை கட்டத் தொடங்கிவிடும். ஆகவே விடிந்து பனி ஈரம் காய்ந்ததும் தொடங்கி, ஒன்பதரை பத்துக்குள் இறங்கிவிட வேண்டும். தூரத்தில் ஒரு இடி கேட்டாலும் இறங்குங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகும்வரை திரும்ப ஏற வேண்டாம்.

அடுத்தது மின்கம்பி. கம்பத்திலிருந்து வரும் கம்பி பெரும்பாலும் தாழ்வாரத்துக்குப் பக்கத்தில்தான் வீட்டுக்குள் இறங்கும். மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டோமே என்று நம்பி அதற்குக் கிட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுவிச் வருவது மீற்றருக்குப் பிறகு, வெளியே உள்ள கம்பியில் மின்சாரம் அப்படியே இருக்கும். அலுமினிய ஏணி, இரும்புக் குழாய், ஈரமான தடி எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. கம்பியின் உறை வெடித்திருந்தாலோ கிளை உராய்ந்தாலோ மின்சார சபைக்கு 1987இல் சொல்லிவிட்டு அன்றைய வேலையை நிறுத்துங்கள்.

ஏணியை நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் சரித்து வையுங்கள். பன்னிரண்டு அடியில் தாழ்வாரம் இருந்தால் ஏணிக்கால் மூன்று அடி வெளியே நிற்கும், தலைப்பு தாழ்வாரத்துக்கு மேலே மூன்று அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நம் மணல் தரையில் ஒரு கால் புதைந்து ஏணி சரிவது சாதாரணம், இரண்டு காலுக்கும் அடியில் ஒரே அகலப் பலகையைப் போடுங்கள். கீழே பிடிக்க ஒரு ஆள் கட்டாயம், அந்த ஆள் கைபேசி பார்க்கப் போகக்கூடாது. சாரம், ரப்பர் செருப்பு இரண்டும் ஆகாது; காற்சட்டையும் அடி தேயாத சப்பாத்தும் போடுங்கள். கயிறு கட்டுவதாக இருந்தால் இடுப்பில் மட்டும் கட்டாதீர்கள், விழுந்தால் அதுவே விலாவையும் முதுகையும் முறிக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற பாதுகாப்புப் பட்டி கோபுர வேலைக்கும் சோலர் வேலைக்கும் போகிற பெடியளிடம் இருக்கும், ஒரு காலைக்கு இரவல் கேட்டால் தருவார்கள்.

ஆள் விழுந்துவிட்டால் தூக்கி நிமிர்த்தி ஓட்டோவில் ஏற்றாதீர்கள். கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் கிடந்தபடியே வைத்து 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மழை பெய்தால் ஒரே இடத்தில் சொட்டுகிறது (ஓட்டு வீடு)

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே துளை இருக்கும் என்று நினைத்து அங்கேயே ஓட்டை மாற்றுவார்கள், அடுத்த மழைக்கும் சொட்டும். தண்ணீர் மேலே எங்கேயோ நுழைந்து, சிலாகையையோ (ஓடு கிடக்கும் குறுக்குச் சட்டம்) கைமரத்தையோ (முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்து இறங்கும் மரம்) பிடித்துக்கொண்டு வழிந்து வந்து, ஒரு முடிச்சில் அல்லது ஆணியில் தடுபட்டுத்தான் கீழே விழுகிறது. ஆகவே சொட்டுகிற இடத்திலிருந்து முகடு பக்கமாக மேலே தேட வேண்டும்.

நல்ல வெயில் நேரத்தில் அறையின் யன்னல் கதவையெல்லாம் சாத்தி இருட்டாக்கிவிட்டு அண்ணாந்து பாருங்கள். கண் பழக ஒரு நிமிடம் எடுக்கும். அப்புறம் ஓட்டுக்கிடையில் ஊசித்துளை வெளிச்சம் தெரியத் தொடங்கும்: நேர்கோடாக மெல்லிய வெளிச்சம் என்றால் ஓடு விலகியிருக்கிறது, கோணலாக ஓடினால் வெடித்திருக்கிறது, முகட்டுக்குக் கீழே வரிசையாகப் பொட்டுப்பொட்டாகத் தெரிந்தால் முகட்டோட்டின் சீமெந்து விட்டுவிட்டது. கைமரத்தில் பழுப்புக் கறை எந்த உயரத்திலிருந்து தொடங்குகிறது என்று ரோச் அடித்துப் பாருங்கள், கறையின் மேல் நுனிக்குக் கிட்டத்தான் தண்ணீர் நுழையும் வாசல் இருக்கும். அந்த இடத்துக்கு நேராகச் சுவரில் சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டு, தாழ்வாரத்திலிருந்து எத்தனையாவது வரிசை ஓடு என்று எண்ணி வைத்துக்கொண்டால் மேலே நின்று தேட வேண்டியதில்லை.

விலகிய ஓட்டை உள்ளேயிருந்தே மேசை போட்டுத் தள்ளிச் சரிசெய்யலாம். சீலிங் அடித்த வீடென்றால் அது முடியாது, ஏறத்தான் வேண்டும். ஏறினால் ஓட்டின் நடுவயிற்றில் மிதிக்காதீர்கள், கீழ் நுனிப் பக்கம், அதாவது அடுத்த ஓட்டின் மேல் படிந்து கீழே சிலாகை தாங்குகிற இடத்தில் மிதியுங்கள். பழைய வீட்டில் அதையும் நம்ப முடியாது. நடக்கிற வழியில் ஓடுகளை மேலே தள்ளிவிட்டு, கைமரத்தின் மேல் சிலாகை கிடக்கிற இடத்தில் கால் வைத்துப் போவதுதான் ஓடு போடுகிற ஆட்களின் வழக்கம், அது சரியான வழக்கம். முகட்டோட்டுச் சாந்து வெடித்திருந்தால் வெடிப்புக்கு மேலே புதுச் சீமெந்தைப் பூசிவிட்டு வராதீர்கள், ஒரு வெயிலுக்குள் கழன்றுவிடும். பழையதைக் கொத்தி எடுத்து, ஓட்டை நனைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்த சாந்து வைத்து, சாக்கு போட்டு நாலைந்து நாள் ஈரமாக வையுங்கள். சித்திரை வெயிலில் இந்த ஈரம்தான் முக்கியம்.

ஓட்டில் கறுத்த பாசிக்கு: இப்போது அது காய்ந்து கிடப்பதால் தும்புத்தடியால் மேலிருந்து கீழாகத் தள்ளினாலே பாதி போய்விடும். கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்தால் அது ஓட்டுக்கு அடியில் புகுந்து சிலாகையை நனைக்கும். உப்புத்தண்ணீர் ஊற்றினால் பாசி சாகும் என்று சொல்வதைக் கேட்டு ஊற்றாதீர்கள், மண் ஓட்டுக்குள் ஊறிய உப்பு காயும்போது ஓட்டின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும்.

சீற் கூரை கறுத்து, பச்சை பிடித்திருக்கிறது

இந்தப் பகுதியைத்தான் பொறுமையாகப் படிக்கச் சொல்வேன். அஸ்பெஸ்டஸ் சீற்றில் பாசி பிடித்திருப்பது பார்க்க அழகில்லை, ஆனால் அதனால் கூரை ஒழுகப்போவதில்லை. ஒழுகவில்லை என்றால் தொடாமல் விடுங்கள். வருடப்பிறப்புக்கு வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் அதை உரஞ்ச வேண்டாம்.

காரணம் இரண்டு. ஒன்று, சீற் ஆளைத் தாங்காது. பத்து வருடம் வெயில் மழை பட்ட சீற் கீழிருந்து பார்க்கத் திடமாகத்தான் இருக்கும், மிதித்தால் முன்னெச்சரிக்கை எதுவும் காட்டாமல் ஒரே நொடியில் உடையும், ஆள் நேரே சீமெந்துத் தரையில் விழுவார். ஆணி வரிசையில் மிதித்தால் பயமில்லை என்று சொல்வார்கள், ஈரத்தில் கால் ஒரு சாண் வழுக்கினால் அந்த வரிசை போய்விடும். இரண்டாவது, உள்ளே இருக்கிற நார். உலக சுகாதார அமைப்பு அஸ்பெஸ்டஸின் எல்லா வகையையும் புற்றுநோய் உண்டாக்குவதாகத்தான் வைத்திருக்கிறது, நம் சீற்றில் இருக்கும் வெள்ளை அஸ்பெஸ்டஸும் அதில் அடங்கும். சீற் முழுதாக இருக்கும்வரை நார் சீமெந்துக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கும். காய்ந்தபடி உரஞ்சினால், கம்பிப் பிரசால் தேய்த்தால், வெட்டினால், துளைத்தால், வேகத் தண்ணீர் அடித்தால் அது தூளாகப் பறக்கும். கண்ணுக்குத் தெரியாது, இருமலும் வராது, நோய் வெளிவருவது பல பத்து வருடம் கழித்து. இலங்கையில் இதன் இறக்குமதியை 2018இலிருந்து கட்டுப்படுத்த இருந்தார்கள்; 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடான ரஷ்யா நம் தேயிலை வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தியதும் அந்த முடிவு தள்ளிப்போனது. கடையில் விற்கிறார்கள்தானே, பயமில்லாத சாமான்தானே என்று கேட்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இலை சேர்ந்து உண்மையிலேயே ஒழுகினால், ஏணியில் நின்றபடி, சீற்றில் உடல் பாரம் வைக்காமல், கொக்கத்தடி நீளத்துக்குத் தடி கட்டிய மென்மையான தும்புத்தடியால் செய்யுங்கள். முதலில் பூவாளியாலோ வேகம் குறைத்த குழாயாலோ சீற்றை நன்றாக நனைத்து, ஈரம் இருக்கும்போதே இலையை இழுத்து விடுங்கள், காய்ந்தால் திரும்ப நனையுங்கள். துணி கட்டினால் போதாது, என்95 முகக்கவசம் பார்மசியில் கிடைக்கும். வேலை முடிந்ததும் உடுப்பை உதறாமல் அப்படியே வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள், பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம். மேலே போகாமல் முடியாது என்றால் கைமரங்களுக்குக் குறுக்கே, இரண்டு மூன்று கைமரங்களில் தங்கி நிற்கும் நீளப் பலகைகளைக் கட்டி, பலகையில் மட்டும் நின்று, அடியில் உள்ள அறையில் ஆள் இல்லாமல் செய்ய வேண்டும். அதை அந்த வேலை தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுவதே நல்லது. கூலிக்கு வருகிற பெடியன் “அண்ணை, நான் மெல்லமா நடப்பன்” என்று சொன்னாலும் பலகை போடாமல் ஏற விடாதீர்கள்.

உடைந்த துண்டுகளை ஒழுங்கை பள்ளம் நிரப்பக் கொட்டுவது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. அதன் மேல் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் ஏறி ஏறித் தூளாக்கும். நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி, கிணற்றுக்குத் தூரமாக ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள்.

பீலி வழிந்து சுவர் நனைகிறது

பீலி முழுவதும் நிறைந்திருக்கிறதா, அல்லது இறங்கு குழாயின் வாய் மட்டும் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சின்ன மழைக்கே குழாய்க்குக் கிட்ட வழிந்தால் வாய்தான். வேப்பிலை தனித்தனியாக இருக்கும்போது ஒன்றும் செய்யாது. சித்திரையில் கொட்டும் பூவும் தூசியும் சேர்ந்து ஒரு மழை நனைந்தால் தேயிலைச் சக்கை போலக் கறுத்து, குழாய் வாயில் ஒரு விரல் தடிப்புக்குப் படிந்துவிடும். தடியால் குத்தினால் அது இன்னும் உள்ளே இறங்கி முழங்கை வளைவில் இறுகும். கையுறை போட்டு அள்ளி வாளியில் இறக்கிவிட்டு, பிறகு தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஏணியைப் பீலியில் சாத்தாதீர்கள், பிளாஸ்ரிக் பீலி நெளிந்து ஏணி வழுக்கும்.

துப்புரவாக்கிய பிறகும் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் பீலியின் வாட்டம் பிழை, பீலியைப் பிடித்திருக்கும் கொக்கியை உயர்த்திக் கட்ட வேண்டும். இதைப் பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும், ஒட்டியிருக்கும் முட்டை தண்ணீர் இல்லாமல் பல மாதம் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மழைநீர் சேர்க்காத வீட்டில் பீலியைக் கழற்றிவிடுவதே மேல் என்பது என் எண்ணம். தாழ்வாரத் தண்ணீர் விழுகிற இடத்தில் சல்லி போட்டால் சுவரும் தப்பும்.

மழையே இல்லை, விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டுகிறது

ஓட்டையைத் தேட வேண்டாம். தை, மாசிப் பனியில் தகரம் குளிர்ந்து, உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் நீராகப் படிகிறது. தகரம் முழுவதும் பரவலாக நனைந்திருந்தால் இதுதான். முகட்டுப் பக்கம் காற்றுப் போக வழி வையுங்கள், சரியாகிவிடும்.

காற்றுக்குத் தகரம் படபடக்கிறது, துருக் கோடு வழிகிறது

ஆணித்தலையிலிருந்து சிவப்புக் கோடு இறங்கினால் அந்த ஆணியின் ரப்பர் வாசர் வெயிலில் வெடித்துவிட்டது. ஆணியை அதே துளையில் அடித்து இறுக்கினால் ஒரு மாதம் நிற்கும், சோளகம் எழும்பியதும் திரும்பக் கழலும். பழையதைப் பிடுங்கி, புது வாசரோடு கொஞ்சம் பெரிய திருகாணி போடுங்கள். தாழ்வார ஓரத்து வரிசையை முதலில் செய்யுங்கள், காற்று பிடுங்கத் தொடங்குவது அங்கேதான். போர் முடிந்து மீள்குடியேறிய நாளில் கொட்டிலுக்குப் போட்ட தகரத்தையே இன்றும் குசினிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் வைத்திருக்கிற வீடுகள் பல. செல் துண்டு பட்ட துளைகளில் தார் அப்பியிருப்பார்கள், அந்தத் தார் இப்போது கல்லாகி ஓரம் விட்டிருக்கும். சுரண்டி எடுத்து, துருவைத் தேய்த்து, ஒரு துண்டுத் தகரத்தை மேல் பக்கம் செருகி ஒட்டுங்கள். கையுறை இல்லாமல் பழைய தகரம் தொடாதீர்கள், வெட்டினால் ஏற்பூசி (ரெட்டனஸ் ஊசி) போட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் சத்தம், பகலில் நாற்றம், ஓடு அடிக்கடி விலகுகிறது

ஓடு விலகுவதும் பகலில் தொம்மென்ற சத்தமும் சேர்ந்து வந்தால் குரங்கு. கூரையை என்ன திருத்தினாலும் பயனில்லை, முதலில் கூரைக்கு மேல் நீட்டிய புளி, வேம்புக் கிளைகளைத் தள்ளி வெட்டுங்கள். குரங்கு பாய முடியாத தூரமாகும், இலையும் குறையும்.

இரவுச் சத்தம் என்றால் எலி, மரநாய் அல்லது வௌவால். நெல் மூட்டை வீட்டுக்குள் வந்த பிறகு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அதனால் சீலிங்குக்கு மேலே தலையை நீட்டுமுன் தடியால் தட்டி, ரோச் அடித்து, கொஞ்சம் பொறுங்கள். ஓட்டைத் தூக்கும்போது விரலை அடியில் விடாமல் தடியால் நெம்புங்கள். கடித்துவிட்டால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், நேரே மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். வௌவால், எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டினால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும், நனைத்து அள்ளுங்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும், கையில் காயம் இருந்தால் அன்று இந்த வேலையை வேறு யாரும் செய்யட்டும். குளவிக்கூடு கண்டால் இறங்கிவிடுங்கள். ஏணியில் நிற்கும்போது நாலு கொட்டு வாங்கினால் கை தானாக விடும்.

நெடுங்காலம் பூட்டிக்கிடந்த பழைய வீட்டின் கூரையைப் பிரிக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. சீலிங்குக்கு மேலேயோ சுவர்த்தலையிலோ துருப்பிடித்த இரும்புச் சாமான், கம்பி சுற்றிய பொதி, என்னவென்று தெரியாத எதைக் கண்டாலும், போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம், தொடாமல், தட்டாமல் வந்த வழியே இறங்கி 119இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். வேலை இரண்டு நாள் பிந்தட்டும்.

முகடு வளைந்து தெரிகிறது, தரையில் மரத்தூள் விழுகிறது

முற்றத்தில் தள்ளி நின்று முகட்டை ஒரு கோடாகப் பாருங்கள். நடு இறங்கியிருந்தால் யாரும் ஏறக்கூடாது, துப்புரவும் வேண்டாம், முதலில் தச்சு வேலை ஆளைக் கூப்பிடுங்கள். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டியதால் காய்ந்த மரம் கிடைக்காமல் பச்சை மரத்தில் கூரை போட்டவர்கள் பலர், அந்த மரங்களுக்கு இப்போது வயது காட்டுகிறது. சுவரில் கறையான் மண்கோடு ஏறியிருக்கிறதா பாருங்கள், கைமரம் சுவரில் இருக்கும் இடத்தைத் திருகாணிச் சாவியால் குத்துங்கள். முதிரையோ வைரம் ஏறிய பனையோ என்றால் நுனிகூட இறங்காது. கால் அங்குலம் லேசாக இறங்கினால் அந்த மரம் போய்விட்டது. மாற்றும்வரை ஒழுக்குக்குத் தறப்பாள் போடலாம், ஆனால் அதைக் கட்ட ஏறாதீர்கள், கயிற்றில் கல் கட்டி மறுபக்கம் எறிந்து கீழே நின்றே இழுத்துக் கட்டுங்கள்.

மழைநீர்த் தாங்கியில் தண்ணீர் நிறம் மாறி, மணக்கிறது

வவுனியா வடக்கிலும் முல்லைத்தீவிலும் கூரைத் தண்ணீரைக் குடிக்கிற வீடுகள் உண்டு. கூரையில் கை வைக்குமுன் தாங்கிக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட வேண்டும், பலர் இதை மறந்து கழுவிய அழுக்கையெல்லாம் தாங்கிக்குள் இறக்கிவிடுகிறார்கள். குளோரின் தூளோ சவர்க்காரமோ பட்ட தண்ணீர் ஒரு சொட்டும் அதற்குள் போகக்கூடாது. தண்ணீர் பழுப்பாக இருந்தால் இலைச்சாறு, அழுகல் மணம் வந்தால் பீலிக்குள் ஏதோ செத்துக்கிடக்கிறது. இரண்டுக்கும் தாங்கியை வெறுமையாக்கி அடிச்சேற்றை அள்ள வேண்டும், உள்ளே இறங்குகிறவர் தனியாக இறங்கக்கூடாது, மூடியைத் திறந்து காற்றோட விட்டபின் வெளியே ஒரு ஆளை வைத்துக்கொண்டு இறங்கட்டும். துப்புரவு முடிந்து வருகிற முதல் மழையை முழுதாக வெளியே ஓட விடுங்கள். அடுத்த மழைக்குக் குழாய் நுனியில் ஒரு வெள்ளைப் பாத்திரத்தைப் பிடித்துப் பார்த்து, தண்ணீர் தெளிந்து வந்தால் குழாயைத் திரும்பப் பூட்டலாம்.